பத்துக்குப் பூஜ்யம்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, அக்காவுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், நான் அவள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு, "இத எழுதித் தொலைச்சிராத" என்றாள். எழுதுகிறவனிடம் இப்படிச் சொல்வது, பூனையிடம் பாலைக் காட்டி இது உனக்கில்லை என்று விளக்குவது மாதிரி. பூனைக்குப் பால் மட்டும்தான் புரியும்.

அக்கா வேலை பார்ப்பது ஒரு மறதிநோய் ஆராய்ச்சியில். மருந்து கண்டுபிடிக்கிற ஆள் இல்லை அவள். கண்டுபிடித்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற ஆள். நோயாளியை எதிரில் உட்கார வைத்துப் பத்துச் சொற்களைப் படித்துக் காட்டுவாள். நடுவில் வேறு ஏதாவது வேலை கொடுத்துக் கவனத்தைத் திருப்புவாள். பிறகு அந்தப் பத்தையும் திருப்பிச் சொல்லச் சொல்வாள். எத்தனை வருகிறதோ அத்தனை மதிப்பெண்.

இரண்டு வரைவு எழுதி ஒளித்து வைத்திருந்தேன். அக்கா கண்டுபிடித்துவிட்டாள். (என் மனைவிதான் போட்டுக்கொடுத்தாள். அது வேறு கதை, அதை எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.) ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, நிபந்தனைகளோடு சம்மதித்தாள். ஒவ்வொரு வரைவையும் அவள் படிப்பாள். தேர்வில் வரும் நிஜச் சொற்களை எழுதக் கூடாது, எழுதினால் கேள்வித்தாள் வெளியான மாதிரி ஆகிவிடும். ஆகவே கீழே வரும் கயிறும் வாளியும் குதிரையும் என் சொந்தச் சரக்கு.

2

தொடக்கம் ஒன்று:

மழை பெய்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர் தன் வாழ்க்கையின் கடைசி நிறுத்தத்தை நோக்கி—

(அக்கா: "அன்னிக்கு மழையே இல்ல, வெயில் மண்டையப் பொளந்துச்சு. அதோட அந்த மனுஷன் நல்லா திடமா இருக்காரு, அது என்ன கடைசி நிறுத்தம்? வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா நீ?")

தொடக்கம் இரண்டு:

மனித மூளை என்பது ஒரு பெரிய நூலகம். அதில்—

(இதை நானே அடித்துவிட்டேன். மறதியைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோருக்கும் இந்த நூலகம் வாடகை இல்லாமல் கிடைத்துவிடுகிறது.)

தொடக்கம் மூன்று. இது நிற்கும் போலிருக்கிறது:

டியூஷன் டீச்சர் கதவில் காதை வைத்தார்.

3

டியூஷன் டீச்சர் என்பவர், அக்காவிடம் தேர்வுக்கு வந்த அந்த ஓய்வுபெற்ற நடத்துனரின் மனைவி. வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு, பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளைகளையெல்லாம் தேற்றிக் கரையேற்றியவர். அவரை முதல் வரைவில் கண்ணீரே உருவான மனைவியாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். "கண்ணீராவது ஒண்ணாவது. அந்தம்மா பையில எப்பவும் ஒரு மரஸ்கேல் இருக்கும். பேசும்போது மேசையில தட்டித் தட்டித்தான் பேசுவாங்க. எனக்கே பயமா இருக்கும்." ஆகவே இவர் அழுவதற்காக வந்தவர் அல்ல. ஸ்கேலோடு வருகிறார், ஒதுங்கி வழிவிடுங்கள்.

தேர்வு நடக்கும் அறையையும் பார்த்துவிடலாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெள்ளைச் சுவர். கடிகாரம் கிடையாது, நாட்காட்டி கிடையாது, செய்தித்தாள் கிடையாது. இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்றெல்லாம் கேள்வி வரும். சுவரைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதல்லவா. அக்காவின் கைக்கடிகாரம்கூட இழுப்பறைக்குள் போய்விடும். காலமே அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு—

(நிறுத்திக்கொண்டேன். நானே நிறுத்திக்கொண்டேன் என்பதை அக்கா கவனிக்க வேண்டும்.)

அறையில் இன்னொன்றும் கிடையாது: முகபாவம். பதில் சரியோ தப்போ, அக்காவின் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலையாட்டக் கூடாது. "நல்லது", "பரவாயில்ல" எதுவும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு சொல்தான் அனுமதி: "அடுத்தது."*

* இந்த முகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அத்தான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கு என்று கேட்டால், அக்கா ஒரு நொடி பார்த்துவிட்டு "அடுத்தது" என்கிறாள். பாவம், மனிதர் உள்ளே போய் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்.

4

கொஞ்சம் அறிவியல். பிடிக்காதவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாவலாம். ஆனால் தாவாதீர்கள், சின்னதுதான், நானும் கஷ்டப்பட்டுத்தான் படித்தேன்.

இந்த நோய் வந்தவர்களின் மூளையில் ஒருவகைப் புரதம் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருக்கிறது. அந்தக் குப்பைதான் நோய்க்குக் காரணம் என்பது ஒரு கட்சி. அவ்வளவு சுலபமில்லை என்பது இன்னொரு கட்சி. குப்பை சேர்ந்ததால் வீட்டுக்காரர் ஓடிப்போனாரா, அல்லது வீட்டுக்காரர் ஓடிப்போனதால் பெருக்க ஆளில்லாமல் குப்பை சேர்ந்ததா என்பதுதான் சண்டை. அக்காவின் ஆராய்ச்சியில் இருக்கும் மருந்து, குப்பையை அள்ளுகிற மருந்து. அள்ளிவிட்டால் வீட்டுக்காரர் திரும்பி வருவாரா, குறைந்தபட்சம் மிச்சம் இருப்பவர்களாவது தங்குவார்களா என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஏற்றிக்கொள்கிறவருக்கும் தெரியாது, ஏற்றுகிற நர்ஸுக்கும் தெரியாது, தேர்வு வைக்கிற அக்காவுக்கும் தெரியாது. ஆராய்ச்சி முழுவதும் முடிந்த பிறகுதான் அந்த ரகசியத்தைத் திறப்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு, கதைக்கு அதுதான் முக்கியம். இது நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கான ஆராய்ச்சி. மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே போய்விட்டால் மருந்தை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் ஏற்றுவது ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. சேரும்போதே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். டீச்சருக்கும் சொன்னார்கள். டீச்சர் காதில் விழுந்தது என்னவோ ஒன்றுதான்: பாஸ் மார்க் எடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திவிடுவார்கள்.

5

முதல் தேர்வு நாளன்று டீச்சர் கதவுக்கு வெளியே நாற்காலியில் இருந்தார். கதவுக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே அக்கா பத்துச் சொற்களையும் நிறுத்தி நிதானமாக மூன்று முறை படித்தாள், அதுதான் முறை. நடத்துனருக்கு நான்குதான் திரும்பி வந்தன. கதவில் காதை வைத்திருந்த டீச்சருக்குப் பத்தும் வந்துவிட்டன.

அன்று முதல் வீட்டில் டியூஷன் ஆரம்பமானது. ஒரே மாணவர், ஒரே பாடம்.

முதலில் ஸ்கேலைத் தட்டிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். காலையில் ஏறியது மதியம் இறங்கிவிட்டது. மக்குப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவாரோ அப்படி யோசித்தார்: இந்தப் பிள்ளைக்கு எது தெரியும்? இந்தப் பிள்ளைக்குத் தன் பஸ் போகிற வழி தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தடுமாறுகிறவர், அந்தத் தடத்தின் நிறுத்தங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார். டீச்சர் நிறுத்தத்துக்கு ஒரு சொல்லாக உட்கார்த்தி வைத்தார்.

"டிப்போல என்ன?"

"கயிறு."

"மார்க்கெட்ல?"

"வாளி."

"ஆஸ்பத்திரில?"

"ஆஸ்பத்திரில... குதிரை. குதிரைக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

"அதுக்குக் காய்ச்சல். அடுத்த ஸ்டாப்பு சொல்லுங்க."

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த நோய் வந்தவர்கள் இப்படிக் கற்றுக்கொள்ள முடியுமா? நான் கதை விடுகிறேன் என்று வாசகர் நினைத்தால்? அக்காவிடம் கேட்டேன். "முடியும். எல்லாருக்கும் இல்ல, எல்லா நாளும் இல்ல. திரும்பத் திரும்ப, கொஞ்சங்கொஞ்சமா, பழகின இடத்துல கட்டி வெச்சா சிலருக்கு ஏறும். ஆனா அதுக்கு இந்தம்மா மாதிரி ஒரு ஆளு வேணும்.")

தினமும் டியூஷன் நடந்தது. குளிக்கும்போது, சாப்பிடும்போது, வாசல் கதவைப் பூட்டும்போது. ஆறு மாதத்தில் மாணவர் பத்துக்குப் பத்து. டீச்சருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. காப்பியடிக்க வைத்தவர் எப்படி வெளியே சொல்வார்?

6

இரண்டாவது தேர்வு.

அக்கா படித்தாள்: தொப்பி, ஏணி, பூனை, ஜன்னல்...

இத்தனை வருடம் பாடம் நடத்தியவருக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கேள்வித்தாளில் மூன்று செட் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாற்றித்தான் கொடுப்பார்கள்.

நடத்துனர் தொப்பியையும் ஏணியையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அக்கா வேறு வேலை கொடுத்தாள், செய்தார். பிறகு, "நான் சொன்ன வார்த்தைங்க எதெல்லாம் ஞாபகம் இருக்கோ, சொல்லுங்க" என்றாள்.

நடத்துனர் எழுந்து நின்றார். ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரலே மாறிவிட்டது.

"டிப்போ, கயிறு! மார்க்கெட், வாளி! ஆஸ்பத்திரி, குதிரை! குதிரைக்குக் காய்ச்சல் மேடம். மேம்பாலம், சாவி! கோர்ட்டு, மேகம்! ..."

பத்தும். வரிசை மாறவில்லை, திக்கவில்லை. முடித்துவிட்டு, "ரைட், போலாம்" என்று உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அக்காவின் கையிலிருந்த பென்சில் உடைந்தது.

(அக்கா: "பென்சிலும் உடையல, பேனாவும் உடையல. டேப்லெட்லதான் எழுதறோம். அத உடைச்சா சம்பளத்துல பிடிப்பாங்க.")

சரி, எதுவும் உடையவில்லை. அக்காவுக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. இவை போன முறைச் சொற்கள். யாரோ ஒளிந்திருந்து கேட்டு, யாரோ உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ இப்போது கதவுக்கு வெளியே ஸ்கேலோடு உட்கார்ந்திருக்கிறார். தாளின்படி பார்த்தால் பத்தும் தப்பு. பத்துக்குப் பூஜ்யம். அக்கா இதுவரை கேட்டதிலேயே மிகத் துல்லியமான பூஜ்யம் அதுதான்.

"எத்தனை மேடம்?" என்று கேட்டார் நடத்துனர், பரீட்சை நன்றாக எழுதிவிட்ட பிள்ளை மாதிரி.

"அடுத்தது" என்றாள் அக்கா. அந்தச் சொல்லை அவ்வளவு சிரமப்பட்டு அதற்கு முன்னால் சொன்னதில்லையாம்.

வெளியே டீச்சர் எழுந்து நின்றார். "ஒழுங்கா சொன்னாரா? பஸ்ல வரும்போதுகூடப் பத்தும்—" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒவ்வொரு தடவையும் வேற வார்த்தைங்க வரும்."

டீச்சர் அக்காவையே பார்த்தார். "வேற செட்டா?"

"ஆமாங்க."

"அப்ப... மருந்த நிறுத்திருவீங்களா?"



7

இந்த இடத்தில் கதை என்னிடம் வந்து, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டது. நான் மூன்று முடிவு தயார் செய்தேன்.

முடிவு அ: அக்கா பத்துக்கு எட்டு என்று போடுகிறாள். யாருக்கும் தெரியாது. நடத்துனர் ஆராய்ச்சியில் தொடர்கிறார், டீச்சர் கையெடுத்துக் கும்பிடுகிறார். (அக்கா: "எட்டுப் போட்டா, அந்த மருந்து வேலை செய்யுதுன்னு நான் பொய் சொன்ன மாதிரி. இல்ல, உப்புத்தண்ணி வேலை செய்யுதுன்னு. நாளைக்கு இந்த நோய் வரப்போற அத்தனை பேருக்கும் சேத்துப் பொய். உனக்கும் வரலாம்டா, எனக்கும் வரலாம்.")

முடிவு ஆ: அக்கா ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் சொல்கிறாள். அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "ஆறு மாசம் மறக்கலையா! நாம தேடினது இதுதான்!" என்று கத்துகிறார். கண்டுபிடிப்பு, கைத்தட்டல். (அக்கா இதற்கு ஒன்றும் எழுதவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். அது கோபக் கோடு.)

முடிவு இ எழுதத் தொடங்கி, "மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில்" என்பதோடு விட்டுவிட்டேன். ஏனென்றால் நடந்ததை அக்காவே சொல்லிவிட்டாள்.

அவள் பூஜ்யம் என்று பதிந்தாள். கீழே குறிப்பு எழுதும் இடத்தில், போன முறையின் பத்துச் சொற்களையும் வரிசையாகச் சொன்னார், வீட்டில் பயிற்சி நடந்திருக்கிறது என்று எழுதினாள். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

"அது ஞாபகம் இல்லம்மா, மனப்பாடம்" என்றார்.

"ரெண்டுக்கும் என்ன டாக்டர் வித்தியாசம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம தேர்வுல வித்தியாசம் இருக்கு. வாழ்க்கையில இருக்கான்னு எனக்கும் தெரியல. ஆனா விதி விதிதான்."

மற்றத் தேர்வுகளிலும் நடத்துனர் சரிந்துதான் இருந்தார். சொற்களில் பத்து வாங்கியிருந்தாலும் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம். மருந்து, அல்லது உப்புத் தண்ணீர், நிறுத்தப்பட்டது.

8

சொல்ல வேண்டியவள் அக்காதான். சொன்னாள். டீச்சர் ஸ்கேலைத் தட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பத்தும் ஏறினது மருந்தாலயா, என்னாலயா?"

"எனக்குத் தெரியாதுங்க. ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் தெரியும். அப்பவும் உறுதியா சொல்ல முடியாது."

"நான் எதுன்னு ஆசைப்படணும் மேடம்? மருந்துதான்னா, அது இனிமே இல்ல. நான்தான்னா..." டீச்சர் நிறுத்தினார். "நான்தான்னா, ஆறு மாசமா உக்காந்து வாளியையும் குதிரையையும் ஏத்திக்கிட்டு இருந்திருக்கேனே. போன வாரம் என்னப் பாத்து, 'நீங்க எங்கம்மா இறங்கணும்?'னு கேக்குறாரு. எனக்கு ஒரு ஸ்டாப்பு வைக்கணும்னு எனக்கே தோணலையே."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தியது இந்த இடத்தில்தான். எனக்கு அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றே எழுதிவிடுகிறேன். இதில் நாசூக்கு பார்த்து என்ன ஆகப்போகிறது.

9

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். எட்டோடு கட்டி அனுப்பிவிடலாம் என்று உறைகூட எடுத்து வைத்துவிட்டேன். அப்போது டீச்சர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"மேடம், புது சிலபஸ் போட்டிருக்கேன். மூணே மூணு பாடம். எங்க வீடு, எங்க பொண்ணு, நான். நீங்க வந்து கேக்கணும். நான் கேட்டா என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடறாரு. உங்க மூஞ்சின்னா ஒண்ணும் தெரியாது."

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "வா, நீ எழுதற மனுஷங்கள நேர்லதான் ஒரு தடவ பாரேன்" என்றாள். போனேன். நான் எழுதியவரைவிட நிஜ நடத்துனர் உயரமாக இருந்தார், இன்னும் நன்றாகச் சிரித்தார். டீச்சர் நான் எழுதியவரைவிடச் சின்ன உருவம். ஸ்கேல் மட்டும் நான் எழுதிய அளவுதான்.

சாப்பாட்டு மேசையில் அக்கா எதிரில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள், பழக்கம். டீச்சர் கணவரின் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளை எத்தனை வருடம் பார்த்திருப்பார். இன்று அந்தப் பக்கம் நிற்கிறார்.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"தண்ணித்தொட்டி ஸ்டாப்பு. இறங்கி இடது பக்கம், பச்சை கேட்டு."

"அடுத்தது. உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. நர்ஸா இருக்கா. இங்க இல்ல, தூரத்துல. வாரா வாரம் போன் பண்ணுவா."

"அடுத்தது." அக்கா கையை நீட்டி டீச்சரைக் காட்டினாள். "இவங்க யாரு?"

நடத்துனர் திரும்பிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். டீச்சர் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் எதுவோ வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு அக்கா பக்கம் லேசாகக் குனிந்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்:

"ஸ்டாஃப், மேடம். இவங்ககிட்ட டிக்கெட் கேக்காதீங்க. கடைசி வரைக்கும் வருவாங்க."

அக்காவின் வாய் "அடுத்தது" என்று சொல்லத் திறந்தது. சொல் வரவில்லை. அவள் முகத்தை நான் பார்க்காத மாதிரி மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டேன்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த பதில் இதுவல்ல. தன் பெயரையும், மனைவி என்ற சொல்லையும் ஒரு மாதமாக ஏற்றியிருந்தார். இரண்டில் ஒன்றுகூட வரவில்லை. தாளின்படி பார்த்தால் என்ன போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்தத் தேர்வில் ஒன்று உண்டு, பூஜ்யம் உண்டு, அரை கிடையாது. அக்காவிடம் கெஞ்சிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் என்ன போட்டாள் என்று சொல்ல மறுத்துவிட்டாள். நான் ஒன்று போட்டு அடித்தேன், பூஜ்யம் போட்டு அதையும் அடித்தேன். என்னால் ஆகாது, நீங்கள் போடுங்கள்.

சீக்கிரம் போடுங்கள். டீச்சர் இன்னும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறார். "சரியா சொன்னாரா?" என்று கேட்கிறார். உங்களைத்தான்.